கேமராக் கேள்வி-பதில்: ஃபுல் ஃபிரேமும் அதன் லென்ஸ்களும்

கேள்வி: சிறிய சென்சார் கேமராவிலிருந்து ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆருக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. லென்ஸ் பழைய 50 மி.மீ., எஃப் 1.8 தான். முன்பு முகம் முழுக்கத் தெளிவாக விழும். இப்போது ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். கேமராவில் கோளாறா?

பதில்: கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் நிற்கும் இடம்தான் மாறிவிட்டது.

பழைய சென்சார் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. இருந்திருக்கும். இப்போது இருப்பது 36 × 24 மி.மீ., ஃபுல் ஃபிரேம் என்பது இந்த அளவைத்தான். அதே லென்ஸ், அதே தூரம் என்றால் காட்சி அகலமாகிவிடும். முகத்தைப் பழைய அளவில் நிரப்ப உங்களை அறியாமலே ஓர் அடி முன்னே வைத்திருப்பீர்கள். ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்ததை இப்போது 1 மீட்டரில் நின்று எடுக்கிறீர்கள். அந்த ஓர் அடி செய்த வேலை இது. முன்பு முன்னும் பின்னுமாகச் சேர்த்துத் தெளிவாக விழுந்த ஆழம் சுமார் 6.5 செ.மீ. இப்போது 4 செ.மீ.க்குச் சற்று மேல். அரைவாசி திரும்பிய முகத்தில் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் உள்ள முன்பின் வித்தியாசமே அந்த அளவு இருக்கும். முன் கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் கிடைக்கும் 4 செ.மீ.யில் பாதி கண்ணுக்கு முன்னால் வீணாகப் போய்விடும். மிச்சப் பாதி பின் கண் வரை எட்டாது.

எஃப் 2.8 வையுங்கள். எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறுக்கும், தெளிவின் ஆழம் கூடும். பழைய ஆழம் அப்படியே திரும்பக் கிடைக்கும். பின்னணி மங்கல் மட்டும் முன்பைவிடச் சற்றுக் குறையும்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே விட வேண்டும். நடுப் புள்ளியில் ஃபோக்கஸ் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி எடுப்போம் இல்லையா? 1 மீட்டரில் நின்று 15 டிகிரி திருப்பினால் ஃபோக்கஸ் தளம் கண்ணைத் தாண்டி 3.4 செ.மீ. பின்னே போய்விடும். எஃப் 8-இல் இது தெரியாது, எஃப் 1.8-இல் படமே போயிற்று. ஃபோக்கஸ் புள்ளியை நகர்த்திக் கண்மேல் வைத்து எடுங்கள். ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்களில் இந்தப் புள்ளிகள் நடுவிலேயே கூட்டமாக இருப்பது உண்மையான குறை. ஓரத்துக்கு எட்டவில்லை என்றால் லைவ் வியூவுக்கு, அதாவது கேமராவின் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: பழைய கேமராவோடு வந்த லென்ஸ்களை ஃபுல் ஃபிரேமில் மாட்டலாமா?

பதில்: எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்தது.

கேனான் என்றால் லென்ஸின் பின்பக்கம், கேமராவில் பூட்டும் வளையமான மவுண்டின் ஓரத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப், தாராளமாக மாட்டலாம். வெள்ளைச் சதுரம் இருந்தால் இ.எஃப்-எஸ், சிறிய சென்சாருக்கானது. அதன் பின்முனை கேமராவுக்குள் ஆழமாக நீளும், படமெடுக்கும் கணத்தில் ஃபுல் ஃபிரேமின் பெரிய மிரர் மேலே எழும்போது அதில் மோதும். அதனால்தான் ஃபுல் ஃபிரேம் உடலில் மாட்ட முடியாதபடியே அதைச் செய்திருக்கிறார்கள். பின்பக்க ரப்பரை அறுத்து மாட்டும் வித்தைகளைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நிக்கானில் சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும், வேலையும் செய்யும். கேமரா அதை அடையாளம் கண்டு சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 45.7 மெகாபிக்சல் டி850 அப்போது 19 மெகாபிக்சல் சொச்சம்தான் தரும். இந்தத் தானியங்கி வெட்டை மெனுவில் அணைத்துவிட்டு முழு ஃபிரேமிலும் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான ஜூம்களில் நான்கு மூலையும் கறுத்து, நடுவில் வட்டமாகத்தான் படம் விழும். முழு ஃபிரேமை மூட குறைந்தது 43.3 மி.மீ. விட்டமுள்ள ஒளிவட்டம் வேண்டும். டிஎக்ஸ் லென்ஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மற்ற கம்பெனி லென்ஸ்களில் பெயரிலேயே விடை இருக்கிறது. சிக்மாவில் டிஜி என்றால் ஃபுல் ஃபிரேம், டிசி என்றால் சிறிய சென்சார். டாம்ரானில் வெறும் டிஐ என்றால் ஃபுல் ஃபிரேம், டிஐ 2 என்றால் சிறியது. கேனான் மவுண்டில் வரும் டிசி, டிஐ 2 லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் உடலிலும் ஏறிவிடும். ஏறுகிறதே என்று வாங்கிவிட்டு மூலை கறுப்பதைப் பார்த்து வருந்துபவர்கள் நிறைய. பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது. எடுத்த படமோ தெளிவாக இருக்கிறது.

பதில்: வ்யூஃபைண்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு சக்கரம் இருக்கும், டயாப்டர் என்பார்கள். காட்சியைப் பார்க்காமல், உள்ளே கீழே தெரியும் எண்களைப் பார்த்தபடி அந்த எண்கள் கூர்மையாகும் வரை திருப்புங்கள். பையில் உரசியே இது அடிக்கடி நகர்ந்துவிடும்.

கேள்வி: 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸில் கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் காதில் விழுகிறது. எல்லாப் படத்திலும் இப்படித்தான். லென்ஸை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே திசையில் தவறுகிறது என்பது நல்ல செய்தி, ஏனென்றால் அதைத் திருத்த முடியும். ஒரு படத்தில் முன்னே, ஒரு படத்தில் பின்னே என்று அலைந்தால் கதை வேறு. அது உங்கள் உடல் அசைவாகவோ, எதிரில் இருப்பவரின் அசைவாகவோ இருக்கும்.

டி.எஸ்.எல்.ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோக்கஸைக் கண்டுபிடிப்பது படம் பிடிக்கும் சென்சார் அல்ல. பெரிய மிரரின் நடுப்பகுதி ஒளியில் கொஞ்சத்தை ஊடுருவ விடும். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டி மிரர் அந்த ஒளியைக் கீழே திருப்பி, கேமராவின் அடியில் இருக்கும் தனி ஃபோக்கஸ் சென்சாருக்கு அனுப்பும். லென்ஸிலிருந்து அந்த அடிச் சென்சாருக்கு உள்ள ஒளிப்பாதையும், படச் சென்சாருக்கு உள்ள ஒளிப்பாதையும் மயிரிழை பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் எஃப் 1.8-இல் காட்டிக் கொடுத்துவிடும். லென்ஸிலும் தன் பங்குக்குச் சிறு பிசகு இருக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்ப்பது.

முதலில் சோதனை. ட்ரைபாடில் கேமராவை வையுங்கள். எதிரே தட்டையான, கறுப்பு வெள்ளை அச்சுள்ள ஒரு தாளைச் சென்சாருக்கு இணையாக, செங்குத்தாக ஒட்டுங்கள். தூரம் குவியத்தூரத்தைப் போல் சுமார் 50 மடங்கு, அதாவது 85 மி.மீ.க்கு நாலேகால் மீட்டர். தாளின் பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள், அதில் தாள் இருக்கும் தூரத்துக்கு நேரான இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்ந்த அளவுகோலிலேயே ஃபோக்கஸ் பிடிப்பது பலர் செய்யும் தவறு. வ்யூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட உண்மையான ஃபோக்கஸ் பரப்பு பெரியது. அது எந்தக் கோட்டைப் பிடித்தது என்றே தெரியாமல் போகும்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து, நடுப் புள்ளியில், ஒற்றை ஃபோக்கஸ் முறையில், செல்ஃப் டைமர் போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோக்கஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க விடுங்கள். வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து, லைவ் வியூவில் ஐந்து. லைவ் வியூவில் மிரர் மேலே போய்விடும், ஃபோக்கஸை அளப்பது படச் சென்சாரே. எனவே அதுதான் உரைகல். இரண்டு தொகுதியும் ஒரே கூர்மை என்றால் பிசகு இல்லை. லைவ் வியூ கூர்மை, வ்யூஃபைண்டர் மங்கல் என்றால் திருத்த வேண்டும்.

கேனானில் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏ.எஃப். ஃபைன் ட்யூன். இரண்டிலும் -20 முதல் +20 வரை. பிளஸ் போட்டால் ஃபோக்கஸ் கேமராவை விட்டு விலகும், மைனஸ் போட்டால் நெருங்கும். உங்களுக்குப் பின்னே விழுகிறது, ஆகவே மைனஸ். -5 வைத்து ஐந்து படம், -10 வைத்து ஐந்து படம் என்று பார்த்து, பிறகு இடைப்பட்ட எண்ணைத் தேடுங்கள். நிக்கான் டி5, டி850 போன்றவற்றில் கேமராவே செய்துகொள்ளும். லைவ் வியூவில் நடுப் புள்ளியில் ஃபோக்கஸ் பிடித்து, ஏ.எஃப். முறை பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்தினால் போதும். ஆனால் ஒரு முறை செய்ததை நம்பாதீர்கள். நான்கைந்து முறை செய்து, வரும் எண்களின் நடுவில் உள்ளதை வையுங்கள்.

எப்போதும் எடுக்கும் ஒளியிலேயே சோதியுங்கள். மஞ்சள் விளக்கில் வரும் எண்ணும் பகல் ஒளியில் வரும் எண்ணும் சில லென்ஸ்களில் ஒத்துப்போவதில்லை. மாட்டும் லென்ஸ் எல்லாமே ஒரே திசையில் தவறினால் பிசகு கேமராவில். ஒரு லென்ஸுக்கு 15-க்கு மேல் தேவைப்பட்டாலும் சர்வீஸுக்குக் கொடுப்பதே முறை. மாற்றித் தரச் சொல்வதை அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டு எடுத்தால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது.

பதில்: ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை முழுக்க இறங்கி, இரண்டாவது கிளம்பாமல் இருக்கும் அந்தக் கணத்தில்தான் சென்சார் முழுதாகத் திறந்திருக்கும். ஃபிளாஷ் அப்போது வெட்ட வேண்டும். கேனான் 6டி-இல் இதன் எல்லை 1/180, 5டி மார்க் 4-இல் 1/200, நிக்கான் டி850-இல் 1/250. அதற்கு மேல் போனால் இரண்டாம் திரை முன்கூட்டியே கிளம்பிவிடும், அதன் நிழல்தான் பட்டை. வெயிலில் வேகம் கூட்டியே ஆகவேண்டும் என்றால் ஃபிளாஷில் ஹை ஸ்பீடு சிங்க் என்ற, வேகமான ஷட்டருக்கு ஈடுகொடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். ஒளியின் பலம் வெகுவாகக் குறையும், ஆகவே ஃபிளாஷைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

கேள்வி: வானத்தைப் படமெடுத்தால் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள். லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் போகவில்லை.

பதில்: லென்ஸை விட்டுவிடுங்கள், பாவம். லென்ஸ் முகப்புத் தூசி இப்படிப் புள்ளியாகத் தெரியாது. இது சென்சாருக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் ஒட்டிய தூசி. எஃப் 2.8-இல் மறைந்திருக்கும், எஃப் 16-இல் தலைகாட்டும். வ்யூஃபைண்டரில் மட்டும் தெரியும் தூசி வேறு, அது படத்தில் விழாது.

எஃப் 16-இல், ஃபோக்கஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைத் தாளையோ வானத்தையோ எடுத்துப் புள்ளிகள் எங்கே என்று பாருங்கள். கேமராவை நிமிர்த்தி வைத்து லென்ஸ் வாய் வழியாக நேரே சென்சாரைப் பார்க்கும்போது மேல் கீழ் மட்டும் தலைகீழாகும், இடம் வலம் மாறாது. படத்தில் இடது மேல் மூலையில் உள்ள தூசி, சென்சாரில் இடது கீழ் மூலையில் இருக்கும்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். பாதியில் சார்ஜ் போனால் மிரரும் ஷட்டரும் உங்கள் குச்சியின் மேலேயே விழும். மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்து மிரரை உயர்த்துங்கள். கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதுபந்தால் ஏழெட்டு முறை ஊதுங்கள், பந்தின் மூக்கு உள்ளே நுழையாமல். பெரும்பாலான தூசி இதிலேயே உதிர்ந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவிலிருந்து திரவம் சிதறிச் சென்சாரில் படியும். இரண்டும் கூடவே கூடாது.

அப்படியும் ஒட்டியிருந்தால் 24 மி.மீ. அகலச் சென்சார் ஸ்வாபும் அதற்கான திரவமும் வாங்குங்கள். ஸ்வாபின் நுனியில் இரண்டு சொட்டு விட்டு, அது ஊற அரை நிமிடம் கொடுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு, நடுவில் நிற்காமல். திருப்பி, மறுபக்கத்தால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விளிம்பில் ஈரக்கோடு நின்றால் திரவம் அதிகம் என்று பொருள். மிரரின் முகத்தையும் அதற்கு மேலுள்ள ஃபோக்கஸிங் ஸ்கிரீனையும் எக்காரணம் கொண்டும் துடைக்காதீர்கள். மிரரின் ரசம் முன்முகத்தில் பூசியது, துணி பட்டாலே கீறும்.

கேள்வி: இயற்கைக் காட்சிக்கு எஃப் 22 வைத்தால்தானே முன்னிருந்து பின்வரை தெளிவாக இருக்கும்?

பதில்: ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதுமே கொஞ்சம் குழையும். துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். எஃப் 8-இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் வட்டமாக விழும் என்றால், எஃப் 22-இல் அது 30 மைக்ரானை நெருங்கும். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் 4.4 மைக்ரான்கூட இல்லை. ஏழு பிக்சல் அகலத்துக்குப் பரவிய புள்ளியைக் கூர்மையாக்க எந்த மென்பொருளாலும் முழுதாக முடியாது.

24 மி.மீ.யில் எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால், கணக்குப்படி 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு. ஆனால் இந்தக் கணக்கு சாதாரண அளவு அச்சுக்காகப் போட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் தொலைவிலுள்ள மலை சற்று மங்கும். ஆகவே ஃபோக்கஸை அதே 2.4 மீட்டரில் விட்டுவிட்டு எஃப் 11-இல் எடுங்கள், லைவ் வியூவில் பெரிதாக்கி அருகையும் தூரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ட்ரைபாடில் வைத்தும் 200 மி.மீ. லென்ஸில் 1/15 நொடிப் படங்கள் ஆடியதுபோல் வருகின்றன. 1 நொடி வைத்தால் நன்றாக இருக்கிறது!

பதில்: கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். மிரர் மேலே போய் அடிக்கும் அதிர்வு இது. அதிர்வு ஓய ஒரு சிறு பொழுது ஆகும். 1/15-இல் படம் முழுக்கவே அந்த அதிர்வுக்குள் முடிந்துவிடுகிறது. 1 நொடியில் அதிர்வு ஆரம்பத்தில் ஒரு துளிதான், மிச்ச நேரம் அமைதி. ஏறத்தாழ 1/4-க்கும் 1/30-க்கும் இடையே இந்தத் தொல்லை அதிகம். மிரர் லாக்-அப் போட்டு, கேபிள் ரிலீஸில் முதல் அழுத்தில் மிரரை உயர்த்தி, இரண்டு நொடி விட்டு மறு அழுத்தில் எடுங்கள். லென்ஸுக்குக் கழுத்துப்பட்டை வளையம் இருந்தால் ட்ரைபாடை அதில் மாட்டுங்கள், கேமராவின் அடியில் வேண்டாம். கேமராவின் தோள்வாரைச் சுருட்டி வையுங்கள், காற்றில் அது ஆடினாலே போதும்.

கேள்வி: முதல் லென்ஸ் எது?

பதில்: 50 மி.மீ., எஃப் 1.8. கேனானில் 160 கிராம் சொச்சம், நிக்கானில் 185 கிராம். நீங்கள் எந்தத் தூரத்தில் நிற்கப் பிடிக்கிறவர் என்பதை ஒரே மாதத்தில் இது சொல்லிவிடும். அடிக்கடி பின்வாங்கத் தோன்றினால் அடுத்தது 35, நெருங்கத் தோன்றினால் 85. விழா, பயணம் என்றால் 24-105 அல்லது 24-120, எஃப் 4. எல்லாரும் சொல்கிறார்களே என்று 24-70, எஃப் 2.8-ஐ எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம். ஒரு கிலோவை ஒட்டிய எடை, பலர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

கேள்வி: பழைய ஃபுல் ஃபிரேம் உடலும் லென்ஸும் கைமாற்றாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 5டி மார்க் 4-க்கு 1,50,000, டி850-க்கு 2,00,000 என்று கம்பெனி சோதித்திருக்கிறது. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். நிக்கான் தன் படக் கோப்பிலேயே எண்ணைப் பதிந்து வைக்கும். கேனானில் பல மாடல்களுக்குக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க முடியும். மூடி போட்டு 30 நொடி எடுத்தால் கெட்டுப்போன பிக்சல்கள் வண்ணப் பொட்டாகத் தெரியும். 1/4000-இல் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் தளர்ந்திருக்கிறது.

லென்ஸுக்கு டார்ச் போதும். பின்பக்கமிருந்து சாய்த்து அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, வேண்டாம். கண்ணாடியின் பூச்சையே அது அரித்திருக்கும், துடைத்தாலும் வடு நிற்கும். ஒன்றிரண்டு தூசித் துகளுக்காக நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு செங்கல் சுவருக்கு நேர் இணையாக நின்று, முழுத் திறப்பில் ஒரு படம். நான்கு மூலையும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றதைவிட மோசம் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது, பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸ்.

கேள்வி: நாளை மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் இந்த லென்ஸ்கள் வீணா?

பதில்: இல்லை. கேனான் இ.எஃப். மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ., அதன் மிரர்லெஸ் மவுண்டான ஆர்.எஃப்-இல் 20 மி.மீ. அந்த 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெறும் குழாய்தான் அடாப்டர், நடுவில் கண்ணாடியே கிடையாது. ஆகவே தரம் குறையாது, ஃபோக்கஸும் வேலை செய்யும். நிக்கானில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஏ.எஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் இல்லை, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் திருகுபோல் அதைச் சுழற்றும். நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை என்பதால் அவற்றைக் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். ஏ.எஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் கவலையில்லை. இப்போது கைமாற்றாக நிக்கான் லென்ஸ் வாங்குகிறவர்கள் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.